பிக்கிள்பால் சர்வீஸ்: கையிலிருந்தா, தரையில் விட்டா, புறங்கையிலா?

திருநெல்வேலி பெருமாள்புரத்தில் நாங்கள் பிக்கிள்பால் ஆடுவது ஒரு பழைய இறகுப்பந்துத் தரையில். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் நெட்டைத் தாண்டி அடிக்கிற ஆட்டம் அது, அந்த மட்டைக்குப் பேடில் என்று பெயர். முன்பெல்லாம் சாயங்காலம் மட்டும்தான் அங்கே ஆள் நடமாட்டம் இருக்கும். இப்போது காலை ஐந்தரைக்கே பேடிலும் கையுமாக நாலு பேர் நிற்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் என்ன பேடில் வாங்கலாம், என்ன ஷூ வாங்கலாம் என்று கேட்பார்கள். இரண்டாவது வாரம் கேள்வி மாறிவிடும். "அண்ணாச்சி, பந்தைக் கையிலேருந்தே அடிக்கட்டா, கீழ விட்டு அடிக்கட்டா? ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க."

ஆளுக்கொன்று சொல்லத்தான் செய்கிறார்கள். வீடியோ பார்த்துப் பழகிய தம்பி ஒரு விதமாகச் சொல்வான். முழங்கால் வலிக்குப் பிறகு ஆட வந்த டீச்சரக்கா இன்னொரு விதம். இருபது வருஷம் இறகுப்பந்து ஆடிய மாமா, இரண்டும் வேண்டாம், புறங்கையால் போடு என்பார். கேட்டவர் திங்கள்கிழமை ஒரு மாதிரி, புதன்கிழமை வேறு மாதிரி போட்டுப் பார்ப்பார். ஒரு மாதம் கழிந்தும் எதுவும் கைக்குப் படிந்திருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று சர்வீஸும் சட்டப்படி சரிதான், மூன்றிலும் நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் இதைத் தீர்மானிக்க வேண்டியது நீங்கள் நிற்கிற தரையும், அதன் மேல் அடிக்கிற காற்றும்தான். வெளியூரில் எடுத்த வீடியோவில் வழுவழுப்பான உள்ளரங்கத் தரை இருக்கும், ஒரு இலை அசையாது. நமக்கு அந்தத் தரையும் கிடையாது, அந்த அமைதியும் கிடையாது.

## எதை வைத்து எடைபோடுவது

சர்வீஸ் எதற்காக என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 1965-ல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டின் பழைய இறகுப்பந்துத் தரையில், குடும்பத்தோடு சேர்ந்து ஆடுவதற்காகப் பிறந்த ஆட்டம் இது. சர்வீஸிலேயே ஆளை வீழ்த்துவதற்கு இதில் இடம் குறைவு. எதிராளி சர்வீஸைத் துள்ளவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அவர் திருப்பி அனுப்பியதை நாமும் துள்ளவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பந்தை அந்தரத்தில் அடிக்கலாம். ஆகவே ரிடர்ன் அடித்த கையோடு நெட்டை நோக்கி ஓடிவந்து நிற்பதுதான் எதிராளியின் நோக்கம். அவர் ஓடவேண்டிய தூரத்தை நீட்டுவதுதான் நம் சர்வீஸின் வேலை. பந்து ஆழமாகப் போய் விழ வேண்டும். வேகம் அடுத்த கவலை.

முதல் அளவுகோல் அதைவிடவும் எளியது: பந்து உள்ளே விழுகிறதா? வழக்கமான முறையில் சர்வீஸ் போடுகிற பக்கத்துக்குத்தான் புள்ளி வரும். ஒரே ஒரு வாய்ப்பு, டென்னிஸ் மாதிரி இரண்டாவது சர்வீஸ் கிடையாது. சர்வீஸ் தவறினால் எதிராளிக்குப் புள்ளி ஏறாது என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். நம் கணக்கில் புள்ளி ஏறுவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துக்கொள்கிறோம் என்பதை நினைப்பதில்லை. 11 புள்ளி ஆட்டத்தில் நாலு சர்வீஸ் தவறினால் அது பெரிய நஷ்டம்.

பந்து போக வேண்டிய தூரத்தையும் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். தரை 44 அடி நீளம், 20 அடி அகலம். நாம் பேஸ்லைனுக்கு, அதாவது பின்கோட்டுக்கு, பின்னால் நிற்கிறோம். நெட் 22 அடியில். அதைத் தாண்டி 7 அடிக்கு இருக்கிற பட்டைக்குக் கிச்சன் என்று பெயர். அங்கேயோ அதன் கோட்டிலோ சர்வீஸ் விழுந்தால் ஃபால்ட், அதாவது தவறு. அப்புறம் இருக்கிற 15 அடிக்குள், குறுக்கே எதிர்மூலைக் கட்டத்தில் விழ வேண்டும். அதிலும் கடைசி 4, 5 அடியில் விழுந்தால்தான் எதிராளி பின்னால் நிற்பார்.

மூன்றாவது தரை, நாலாவது காற்று, ஐந்தாவது உங்கள் உடம்பு. கடைசியாக, ஆட்டத்தின் நடுவே 'அது ஃபால்ட்டு' என்று யாராவது கையைத் தூக்க வாய்ப்பிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சிநேகிதர்களுக்குள் ஆடும்போது இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் காலை ஆட்டம் கசந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## வாலி சர்வீஸ்: கையிலிருந்து நேரே

இடது கையில் பந்தை இடுப்புக்கு முன்னால் பிடித்து, விட்ட மாத்திரத்தில் வலது கைப் பேடிலால் கீழிருந்து மேலாக வீசி அடிப்பது. மூன்று கட்டுப்பாடு உண்டு. கை மேல்நோக்கி வர வேண்டும். பேடில் பந்தைத் தொடும் இடம் இடுப்புக்கு, அதாவது தொப்புள் மட்டத்துக்கு, மேலே போகக் கூடாது. அந்த நேரத்தில் பேடில் தலை மணிக்கட்டின் உச்சிக்கு மேலே இருக்கக் கூடாது. இதோடு, அடிக்கும்போது ஒரு காலாவது பேஸ்லைனுக்குப் பின்னால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், எந்தக் காலும் கோட்டைத் தொடக் கூடாது. இந்தக் கால் விதி மூன்று சர்வீஸுக்கும் பொது.

பந்து கையை விட்டதும் அடி விழுந்துவிடுகிறது. நடுவில் தரையின் வேலை எதுவும் இல்லை, காற்றுக்கும் நேரமில்லை. வாலி சர்வீஸின் முழு பலமும் இதுதான். தரை பொரிந்திருக்கட்டும், மணல் படிந்திருக்கட்டும், முந்தின நாள் மழையில் ஈரமாக இருக்கட்டும், உங்கள் சர்வீஸ் மாறாது. பின்காலிலிருந்து முன்காலுக்கு உடம்பின் பாரம் மாறினால் பந்து சிரமமில்லாமல் ஆழம் போகும். கையால் ஓங்கி அடிக்க வேண்டியதே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து, அதாவது பால் பேட்மிண்டன், ஆடியவன். அங்கும் சர்வீஸ் இடுப்புக்குக் கீழேதான் என்பதால் வாலி சர்வீஸ் எனக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பூப்பந்து ஆடி வளர்ந்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வேறெதையும் யோசிக்காமல் இதைத் தொடங்கலாம்.

மறைவான செலவு என்ன? இரண்டு கையும் ஒரே நொடியில் ஒத்துப்போக வேண்டும். முதல் வாரம் பலருக்கு இடது கை பந்தைக் கீழே விடாது, மேலே தூக்கிப் போட்டுவிடும். தூக்கிய பந்து உயரத்தில் நிற்கிறது, பேடில் அதைத் தேடி மேலே போகிறது, தொடும் இடம் இடுப்பைத் தாண்டிவிடுகிறது. டீச்சரக்கா தொடங்கிய நாட்களில் நான் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். பத்துக்கு ஆறு, விலா எலும்பு உயரத்தில் அடி விழுந்தது. அவர்களுக்கு அது தெரியவே இல்லை. "நான் கீழதானே அடிக்கேன்" என்றார்கள். கைப்பேசியில் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள். ஆட்டத்தில் இது நடந்தால் தகராறுதான். எதிர்ப்பக்கம் நிற்கிறவருக்கும் 44 அடித் தூரத்தில் உங்கள் தொப்புள் மட்டம் துல்லியமாகத் தெரியாது. தெரிந்தது போலத்தான் பேசுவார்.

பந்தை விரலால் சுழற்றி விட்டு அடிக்கிற வித்தையைப் பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். 2023 முதல் அது விதிப்படி கூடாது. அதைப் பழகி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

## டிராப் சர்வீஸ்: தரையில் விட்டு

2021-ல் சோதனையாக விதிப்புத்தகத்தில் நுழைந்து, பிறகு நிலையாகவே தங்கிவிட்ட சர்வீஸ் இது. பந்தைக் கையிலிருந்து சும்மா விட வேண்டும். தரையில் பட்டு எழுந்த பிறகு அடிக்க வேண்டும். வாலி சர்வீஸின் மூன்று கட்டுப்பாடும் இதற்குக் கிடையாது. இடுப்பு உயரம், மணிக்கட்டு, கை போகும் திசை எதையும் யாரும் கேட்க முடியாது. ஒரே நிபந்தனை, பந்தைத் தரையை நோக்கித் தள்ளவும் கூடாது, மேலே எறியவும் கூடாது. விரலைத் திறந்தால் தானாக விழ வேண்டும்.

பயந்த கைக்கு இது பெரிய ஆறுதல். பந்து விழுந்து எழுவதற்குள் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது, பேடிலைப் பின்னால் கொண்டுபோக நேரம் கிடைக்கிறது. இரண்டு கையும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை. புதிதாக வருகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது முதல் நாளே சர்வீஸ் உள்ளே விழுவது இந்த முறையில்தான் என்பதைக் கண்ணால் பார்க்கிறேன். முதல் நாளே ஆட்டத்தில் சேர்ந்துகொள்ள முடிந்தால் மறுநாளும் வருவார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே டிராப் சர்வீஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட பந்தை 78 அங்குல உயரத்திலிருந்து கருங்கல் பலகையில் விட்டால் 30 முதல் 34 அங்குலம் எழ வேண்டும் என்பது அளவு. விழுந்த உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் திரும்பி எழும். தோள் உயரத்தில், அதாவது நாலரை அடியிலிருந்து விட்டால் இரண்டடிகூட எழாது. முழங்காலுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். அதுவும் கருங்கல்லில். நம்முடைய பொரிந்த சிமெண்டில் இன்னும் குறையும். இறுகிய செம்மண் தரையில் கோடு போட்டு ஆடுகிற இடங்களில் பந்து கணுக்காலைத் தாண்டுவதே பாடு. அவ்வளவு கீழே அடித்து, 36 அங்குல நெட்டைத் தாண்டவைத்து, ஆழமும் கொண்டுபோக முதுகையும் முழங்காலையும் வளைத்தாக வேண்டும்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. எந்த உயரத்திலிருந்து விட வேண்டும் என்று விதி கட்டுப்படுத்தவில்லை. கையைத் தலைக்கு மேலே நீட்டி விட்டால் துள்ளல் ஒரு சாண் கூடும். உள்ளரங்கத்திலும் காற்றில்லாத காலையிலும் இது நன்றாக உதவுகிறது. ஆனால் பந்து அந்தரத்தில் இருக்கும் நேரமும் கூடிவிடும்.

தரையின் குணம் இதில் அப்படியே தெரியும். எங்கள் தரையில் வடக்குப் பக்கம், வலது கட்டத்துப் பேஸ்லைனுக்குப் பின்னால் சிமெண்டில் ஒரு வெடிப்பு ஓடுகிறது. விரல் நுனி போகிற அகலம்தான். ஒரு நாள் டீச்சரக்கா அங்கே நின்று விட்ட மூன்று பந்தும் மூன்று பக்கம் போயிற்று. முதல் பந்து காலை நோக்கி வந்தது, இரண்டாவது சுவரை நோக்கி ஓடியது, மூன்றாவது எழவே இல்லை. கையில் ஏதோ கோளாறு என்று அவர்கள் முகம் வாடிவிட்டது. "கை இல்லக்கா, தரை. ரெண்டு எட்டு இடது பக்கம் தள்ளி நில்லுங்க" என்றேன். நடுக்கோட்டின் நீட்சிக்கும் பக்கக் கோட்டின் நீட்சிக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். தள்ளி நின்று போட்டார்கள், உள்ளே விழுந்தது. டிராப் சர்வீஸ் போடுகிறவர் எந்தத் தரையில் ஆடப்போனாலும், ஆட்டத்துக்கு முன் நாலு மூலையிலும் பந்தை விட்டுப் பார்த்து, எங்கே நன்றாக எழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செலவு: துள்ளல் குறைந்த தரையில் பந்தைக் கொஞ்சம் அழுத்தி விட்டால் என்ன என்று கை தானாக ஆசைப்படும். விட்டவருக்கே தெரியாமல் அழுத்திவிடுவார். இடுப்பு உயரத் தகராறிலிருந்து தப்பித்து இந்தத் தகராறில் மாட்டிக்கொள்வோம்.

## புறங்கை சர்வீஸ்

இறகுப்பந்தில் இரட்டையர் ஆட்டம் ஆடியவர்கள் அத்தனை பேருக்கும் இது ஊறிப்போன பழக்கம். வயிற்றுக்கு முன்னால் பந்தைப் பிடித்து, பேடில் தலையைக் கீழே தொங்கவிட்டு, புறங்கையால் தள்ளுவது. பேடில் தலை இயல்பாகவே மணிக்கட்டுக்குக் கீழே இருப்பதால் அந்த விதியில் பிரச்சினை வராது. கண்ணுக்கு நேரே அடி விழுவதால் திசை தவறுவதும் குறைவு. தோளைப் பின்னால் கொண்டுபோக வேண்டாம், ஆகவே தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு நல்ல வழி. இதையும் கையிலிருந்தோ தரையில் விட்டோ போடலாம்.

சிக்கல் பழைய பழக்கத்தில்தான் இருக்கிறது. இறகுப்பந்தில் இப்போது சர்வீஸ் உயரம் தரையிலிருந்து 1.15 மீட்டர், ஏறக்குறைய மூன்றே முக்கால் அடி. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்குத் தொப்புள் மூன்றேகால் அடி சுமாரில் இருக்கும். அங்கே சட்டப்படி சரியான உயரம் இங்கே அரை அடி அதிகம். மாமாவிடம் இதைச் சொன்னபோது ஒத்துக்கொள்ளவில்லை. அளவு நாடாவைப் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது. பார்த்துவிட்டு, "இத்தனை நாளா இப்படியாவே போட்டுட்டு இருக்கேன்?" என்று பேடிலை இறக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதைவிடப் பெரிய செலவு ஆழம். இறகுப்பந்தில் நெட்டை உரசினாற்போல் கிட்டத்தில் விழும் சர்வீஸ்தான் கெட்டிக்காரத்தனம். இங்கே அது கிச்சனில் விழும். அதிலும் பழைய இறகுப்பந்துத் தரையில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு ஆட்டத்துக்கும் வெளிக்கோடு ஒன்றுதான், 44-க்கு 20. ஆனால் இறகுப்பந்தின் முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து ஆறரை அடி, கிச்சன் கோடு 7 அடி. பல இடங்களில் பழைய கோட்டையே கிச்சன் கோடு என்று வைத்து ஆடுகிறார்கள். வெளியே போய்ச் சரியான தரையில் ஆடும்போது அந்த அரை அடியில் விழுகிற சர்வீஸ் எல்லாம் ஃபால்ட் ஆகிறது. ஒரு வாளி சுண்ணாம்பில் தீர்கிற விஷயம். முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| பார்க்க வேண்டியது | வாலி | டிராப் | புறங்கை (கையிலிருந்து) |
|---|---|---|---|
| முதல் வாரத்தில் உள்ளே விழுவது | கை ஒத்துப்போகும் வரை சிரமம் | எளிது | இறகுப்பந்து ஆடியவருக்கு எளிது |
| ஆழம் | நன்றாக வரும் | தரை நன்றாக இருந்தால் வரும் | தனியாக உழைத்தால்தான் |
| பொரிந்த தரை, மண் தரை | பாதிப்பில்லை | மிகவும் பாதிக்கும் | பாதிப்பில்லை |
| பலத்த காற்று | சமாளிக்கலாம் | கடினம் | பந்தை விடுவதில் சிக்கலில்லை, எதிர்க்காற்றில் குட்டையாகும் |
| முழங்கால், இடுப்பு வலி | பரவாயில்லை | குனிய வேண்டும் | நல்லது |
| தோள் வலி | கவனம் வேண்டும் | கவனம் வேண்டும் | நல்லது |
| எந்த விதியில் தகராறு | இடுப்பு உயரம், மணிக்கட்டு | பந்தை அழுத்தி விடுவது | இடுப்பு உயரம் |

## காற்று

அட்டவணையில் ஒரு வரியாக இருப்பதை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்குக் காற்று இறங்குகிறது. பணகுடியிலும் ராதாபுரத்திலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது இதற்காகத்தான். பிக்கிள்பால் பந்து 22 முதல் 26 கிராம், கிரிக்கெட் பந்தின் எடையில் ஆறில் ஒரு பங்கு. உடம்பெல்லாம் ஓட்டை. வெளியில் ஆடுகிற பந்தில் பொதுவாக 40 ஓட்டை, உள்ளரங்கப் பந்தில் 26. உள்ளரங்கப் பந்தை வெளியில் கொண்டுவந்தால் காற்று இன்னும் இழுக்கும், அதைச் செய்யாதீர்கள்.

தோள் உயரத்திலிருந்து விட்ட பந்து விழுந்து, துள்ளி, உச்சிக்கு வர முக்கால் நொடிக்கு மேல் ஆகிறது. குறைவாகத் தோன்றும். ஆடி மாதம் காலை எட்டரைக்கு அந்த முக்கால் நொடியில் பந்து ஒரு முழம் தள்ளிப்போய் எழுவதைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். போன ஆடியில் பக்கத்து ஊர் நண்பர்களோடு ஒரு பள்ளிக்கூடத் தரையில் ஆடினோம். அப்போது நான் டிராப் சர்வீஸில் ஆசை வைத்திருந்த நேரம். ஐந்து சர்வீஸ் தொடர்ந்து தவறியது. ஆறாவதற்கு வாலிக்கு மாறினேன், உள்ளே விழுந்தது. கூட ஆடிய தம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவன் ஐந்து தடவை வெறுங்கையோடு நின்றதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை.

அடித்த பிறகும் காற்று விடாது. வெயில் கண்ணில் படாமலிருக்கத் தரையை வடக்குத் தெற்காகப் போடுவது வழக்கம். அப்படியானால் நம் மேற்குக் காற்று குறுக்கே அடிக்கும். தெற்கில் நின்று வடக்கே பார்த்துப் போடும்போது பந்து வலப்பக்கம் ஒதுங்கும். வலது கட்டத்திலிருந்து போட்டால் நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விடக் கூடும். ஆகவே எதிராளியின் பக்கக் கோட்டை நோக்கியே குறிவையுங்கள். இடது கட்டத்திலிருந்து போட்டால் பக்கக் கோட்டுக்கு வெளியே போகும், ஆகவே நடுக்கோட்டை ஒட்டிக் குறிவையுங்கள். வடக்கில் நின்று போடும்போது இதெல்லாம் தலைகீழ். கிழக்கு மேற்காகக் கிடக்கிற தரையில் மேற்கே பார்த்துப் போட்டால் பந்து குட்டையாகிக் கிச்சனில் விழும், கிழக்கே பார்த்துப் போட்டால் பேஸ்லைனைத் தாண்டும். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் போடுகிறவர் ஒரு பக்கத்தில் நிச்சயம் தோற்பார்.

எதிர்க்காற்றில் உயரமாகத் தூக்கிப் போடுவது வீண். தாழ்வாக, நெட்டுக்கு மேலே ஒரு முழத்துக்குள் போகிற மாதிரி அடிக்க வேண்டும். நெட்டில் பட்டு உள்ளே விழுந்தால் பயமில்லை. 2021 முதல் அது நல்ல சர்வீஸ்தான், ஆட்டம் தொடரும்.

## யாருக்கு எது

உங்கள் தரை நல்ல சிமெண்ட், ஆடுவது காற்று எழும்பாத விடியற்காலையில், இதற்கு முன் எந்த மட்டை ஆட்டமும் ஆடியதில்லை என்றால் டிராப்பில் தொடங்குங்கள். பங்குனி, சித்திரையில் தொடங்குகிறவருக்கு இரண்டு மாதம் நல்ல பொழுது இருக்கிறது. ஆனால் ஆனி பிறப்பதற்கு முன் வாலியையும் கைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மண் தரையிலும் வெடித்த சிமெண்டிலும் ஆடுகிறவர்கள், மொட்டைமாடியில் ஆடுகிறவர்கள், வள்ளியூர், திசையன்விளை பக்கம் வெட்டவெளியில் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே வாலிதான். இரண்டு வாரம் சிரமப்படும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலில் வலி இருக்கிறவர் டிராப்பை நம்ப வேண்டாம். டீச்சரக்காவுக்கு நான் டிராப் சொல்லிக்கொடுத்தது என் தவறான முடிவு. உள்ளே விழுகிறது என்பதை மட்டும் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அவர்கள் எவ்வளவு குனிகிறார்கள் என்று பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து, படி ஏறும்போது வலிக்கிறது என்றார்கள். பிறகு புறங்கை வாலிக்கு மாறினார்கள். முதலில் குட்டையாக விழுந்தது. முழங்கையை உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு தோளோடு சேர்த்துத் தள்ளப் பழகிய பிறகு ஆழம் வந்தது. மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆட வருவது நல்லது.

இறகுப்பந்து ஆடியவர்கள் புறங்கையை விட வேண்டியதில்லை. உயரத்தை அரை அடி இறக்குங்கள், தூரத்தைக் கூட்டுங்கள், போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எதுவும் வரும். அவர்களிடம் வேகத்தைப் பற்றிப் பேசாமல் ஆழத்தைப் பற்றி மட்டும் பேசினால் சீக்கிரம் தேறிவிடுவார்கள்.

போட்டிக்குப் போக நினைக்கிறவர் இரண்டு சர்வீஸ் வைத்திருக்க வேண்டும். எந்த ஊர்த் தரை எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

## எதை எடுத்தாலும் பழகும் விதம்

இறகுப்பந்துக் கம்பம் இருக்கிற தரை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நெட்டை நடுவில் 34 அங்குலம், ஓரத்தில் 36 அங்குலம் இருக்கும்படி இறக்கிக் கட்டுங்கள். கம்பத்தின் உச்சியில், 5 அடி உயரத்தில், குறுக்கே ஒரு சணல் கயிறு. நெட்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு அடிச் சந்து கிடைக்கும். சர்வீஸ் அதற்குள் புகுந்து போக வேண்டும். கயிற்றுக்கு மேலே போகிற பந்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதை நாலு நாளில் கண்ணே சொல்லிவிடும்.

குறி வைக்க வேறெதுவும் வாங்க வேண்டாம். இறகுப்பந்துத் தரையின் பின்கோட்டுக்கு இரண்டரை அடி உள்ளே இன்னொரு கோடு ஓடும், அவர்களுடைய இரட்டையர் சர்வீஸ் எல்லைக்கோடு. பிக்கிள்பாலில் அதற்கு வேலையில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் நடுவில் உள்ள இரண்டரை அடிப் பட்டையில்தான் நம் சர்வீஸ் விழ வேண்டும். கோடு அழிந்துபோன தரையில் அந்த இடத்தில் ஒரு ஓலைப்பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 40 பந்து போதும். பத்துப் பத்தாகப் போட்டு, உள்ளே விழுந்தது எத்தனை, பட்டையில் விழுந்தது எத்தனை என்று இரண்டு கணக்கை மட்டும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் புள்ளியைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ஆட்டத்தில் புள்ளி சொன்ன பத்து நொடிக்குள் சர்வீஸ் போட வேண்டும், சொல்லாமல் பழகிய கை அங்கே தடுமாறும். பத்தில் எட்டு உள்ளே விழுகிற வரை சர்வீஸ் முறையை மாற்றாதீர்கள், யார் என்ன சொன்னாலும் சரி. இரண்டு வாரம் கழித்தும் பத்தில் ஐந்தைத் தாண்டவில்லை என்றால் மட்டும் அடுத்த முறைக்குப் போங்கள்.

பந்தையும் அவ்வப்போது பாருங்கள். ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு முடி போல ஒரு விரிசல் ஓடினால் அந்தப் பந்து நேராகப் போகாது, சரியாகத் துள்ளவும் துள்ளாது. காதருகே வைத்துச் சுண்டினால் சத்தம் பிசகித் தெரியும். சித்திரை வெயிலில் காரிலேயே கிடந்த பந்து இளகியிருக்கும், அதுவும் அன்றைக்கு ஆகாது. பந்து சரியில்லாத நாளில் எழுதிய கணக்கை அடித்துவிட்டு, மறுநாள் நல்ல பந்தில் திரும்ப எண்ணுங்கள்.